சம்சாரம் இல்லாதவன்

நல்லசிவத்துக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட மாட்டான். பேச்சை மட்டும் நிறுத்திவிடுவான். இது பரம்பரை வியாதி. அவனுடைய அப்பா மச்சினனோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, மச்சினன் செத்துப்போன அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்று "என்ன, ஆளு சௌக்கியமா?" என்று கேட்டவர். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் நல்லசிவத்துக்கும் அது ஆறேழு தடவை வந்து போயிருக்கிறது. மூன்று நாள், மிஞ்சிப் போனால் ஐந்து நாள். அவன் சம்சாரம் சந்தனமாரியும் ஜலதோஷம் மாதிரி அதைப் பொறுத்துக்கொண்டு வந்தாள்.

மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகுதான் வியாதி முற்றியது.

புளியங்குடியிலிருந்து புறப்பட்டு வந்து, பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஃபிலோமினா சேச்சி என்கிற அம்மாளுடைய வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்குப் பிடித்து, இரண்டு கிரைண்டரோடு தோசைமாவுக் கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. மாவாட்டுவது நல்லசிவம். முன்னால் நின்று விற்பது மாரி. அவளுக்கு அப்படி ஒரு காது. இரண்டே மாதத்தில் மலையாளத்தைப் பிடித்துவிட்டாள். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் வருகிற பெண்களோடு மீன் விலையிலிருந்து மாமியார் கொடுமை வரைக்கும் அரை மணி நேரம் நின்று பேசுவாள். வாடிக்கைக்காரிகளைச் சேர்த்து போனில் 'மாவு குரூப்' ஒன்றும் ஆரம்பித்திருந்தாள். நல்லசிவம் எந்நேரமும் உள்ளே கிரைண்டர் சத்தத்தில் கிடந்தான். அவன் மலையாளம் மூன்று சொல்: போதும் என்பதற்கு மதி, வேண்டாம் என்பதற்கு வேண்டா, அண்ணன் என்பதற்குச் சேட்டா.

ஒரு நாள் மாரி தன் தங்கை கற்பகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் இரண்டு கிரைண்டரும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில் அவள் சொன்னது தெளிவாக உள்ளே வந்து விழுந்தது: "இவுகளை நம்பிக் கடைய விட்டா ஒரு பாக்கெட்டு நகராது. மாவாட்டத்தான் லாயக்கு. வாயின்னு ஒண்ணு இருந்தாத்தானே?"

கரண்ட் வந்துவிட்டது. நல்லசிவத்தின் பேச்சு வரவில்லை.

ஐந்து நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. மாரி கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், அவனுக்குப் பிடித்த புளிக்கறி வைத்துப் பார்த்தாள். அவன் புளிக்கறியைச் சாப்பிட்டான், பேசவில்லை. இருபதாம் நாள் காலையில் அவள் துணிமணிகளைப் பையில் அடைத்தாள். மாடிப்படிக்குக் கீழே ஃபிலோமினா சேச்சி மறித்துக்கொண்டு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்டாள். மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் நல்ல மலையாளத்தில் சொன்னாள்:

"ஆள்க்கு சம்சாரம் இல்லா சேச்சி. ஞான் எந்து செய்யும்?"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. நமக்குச் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. 'மனுஷன் பேசமாட்டேன் என்கிறான், நான் என்ன செய்ய?' என்றுதான் மாரி சொன்னாள். சேச்சியின் காதில் அது 'மனுஷனுக்குப் பேச்சே இல்லை' என்று விழுந்தது. யோசித்துப் பார்த்தாள். இருபது நாளாகக் கீழே மாரியின் குரல் மட்டும்தான் கேட்டது, அது வாஸ்தவம். ஐயோ பாவம், நல்ல மனுஷனுக்கு நாக்கு விழுந்துவிட்டதே என்று சேச்சி அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

நல்லசிவம்தான் பையைத் தூக்கிக்கொண்டு வைட்டிலா பஸ் நிலையம் வரை கூடப் போனான். ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்காரவைத்தான், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். பஸ் நகருகிற வரைக்கும் மாரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகாதே என்கிற சொல் அவனுக்குத் தொண்டை வரை வந்தது. வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பஸ் போய்விட்டது.

அன்று முதல் கடையின் முன்பக்கமும் அவன் தலையில் விழுந்தது. யார் வந்து என்ன கேட்டாலும் விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் ஒரு கிலோ, மடக்கின விரல் என்றால் அரை கிலோ. மாவு தீர்ந்துவிட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். ஒரே வாரத்தில் சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது: மாவுக்கடைக்காரனுக்கு வாய் போய்விட்டது, அதனால்தான் பெண்டாட்டியும் போய்விட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவனிடம் சைகையிலேயே பேசினார்கள். நமக்கு மலையாளம் தெரியாது என்று எவ்வளவு அனுசரணையாக நடந்துகொள்கிறார்கள் என்று நல்லசிவம் நெகிழ்ந்துபோனான்.

இப்படியே இரண்டு மாதம் ஓடிற்று. அவள் முதலில் கூப்பிடட்டும் என்று அவன் இருந்தான். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அதற்குள் கற்பகத்தின் வீட்டுக்காரன் ஒரு சேதி அனுப்பினான்: அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாரி புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலைக்குப் போகப் போகிறாள், அங்கேயே ஒரு வீடும் பார்த்தாயிற்று. வேலை, வீடு என்று ஆகிவிட்டால் அப்புறம் அவள் வரமாட்டாள். நல்லசிவத்துக்குக் கையும் காலும் ஓடவில்லை. பத்து தடவை போனை எடுத்தான், பத்து தடவையும் வைத்தான். பேசினால்தான் அவள் வருவாள் என்று தெரிகிறது. முதல் வார்த்தை வர மாட்டேன் என்கிறது. என்ன மனுஷன் இவன்!

ஃபிலோமினா சேச்சிக்கு இதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு புதன்கிழமை கீழே இறங்கி வந்து, வானத்தைக் காட்டி, அவன் வாயைக் காட்டி, கையைக் கூப்பிக் காட்டி, "வெள்ளியாழ்ச்ச பள்ளியில் வா" என்றாள்.

நல்லசிவத்துக்கு வெள்ளிக்கிழமை என்பதும் பள்ளி என்பதும் மட்டும் புரிந்தது. அவர்கள் ஊரில் மாதா கோயிலைத்தான் பள்ளி என்பார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாயைக் காட்டி, பள்ளிக்கு வா என்கிறாள் என்றால், ஏதோ வயது வந்தவர்களுக்கு மலையாளம் சொல்லித் தருகிற இடம் போலிருக்கிறது. நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடமா என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், வாய் இல்லை என்று சொன்னவள் முன்னால் நாலு வார்த்தை மலையாளத்தில் பேசிக் காட்டினால் என்ன என்றும் ஓர் ஆசை. வெள்ளிக்கிழமை குளித்து, விபூதி வைத்து, ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு சேச்சிக்குப் பின்னால் நடந்தான்.

போன இடத்தில் க்ளீட்டஸ் அச்சன் இருந்தார்.

அச்சன் என்றால் பாதிரியார். க்ளீட்டஸ் அச்சன் என்றால் வைப்பினிலிருந்தும் கும்பளங்கியிலிருந்தும் ஆட்கள் கிளம்பி வருவார்கள். அவர் தலையில் கை வைத்து ஜெபித்தால் தலைவலி போகும், தூக்கம் வரும், துபாய்க்கு விசா வரும் என்று பேர். அறுபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் செமினாரி அணிக்குக் கோல்கீப்பர். ஒவ்வொரு கையும் ஒரு முறம் இருக்கும். ஊர் முழுக்க முழங்கால் வலியைப் போக்குகிறவர், தன் முழங்காலுக்கு மட்டும் பட்டை கட்டிக்கொண்டு, வாரம் இரண்டு நாள் வெலிங்டன் தீவில் பிசியோதெரபிக்காரர் ஒருத்தரிடம் கரண்ட் வைத்துக்கொள்ளப் போவார். யாராவது கேட்டால், கர்த்தர் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார், வைத்தியம் அதில் சேராது என்பார். சிரித்தால் அங்கி குலுங்கும்.

அவருடைய சுகப் பிரார்த்தனையில் ஒரு வழக்கம் உண்டு. வியாதியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். நடுவில் அச்சன் கண்ணை மூடிக்கொண்டு, இன்ன இடத்தில் இன்ன வலியுள்ள மகளே, கர்த்தர் உன்னைத் தொடுகிறார் என்று சொல்வார். சில சமயம் சீட்டில் வந்ததைச் சொல்வார், சில சமயம் தானாகத் தோன்றியதைச் சொல்வார். எது எது என்று யாரும் கேட்பதில்லை. சேச்சி முதல் நாளே சீட்டுப் போட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் இல்லை, சர்ச் என்று உள்ளே போனதும் நல்லசிவத்துக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கூட்டத்தில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டான். நோட்டும் பேனாவுமாக விபூதி பூசிய ஆள் ஒருவன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள், பாவம், எழுதித்தான் காட்டுவார் போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டினார்கள்.

அப்போதுதான் அச்சன் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"மாவுக்கட நடத்துந்ந ஒரு மகன் இவிடெயுண்டு. சம்சாரம் போயிட்டு ரண்டு மாசமாயி. கர்த்தாவு அவனு சம்சாரம் திரிச்சு கொடுக்குந்நு."

நல்லசிவத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சிலிர்த்தது. மாவுக்கடை. சம்சாரம் போய் இரண்டு மாதம். முன்பின் பார்த்திராத சாமியார், கண்ணை மூடிக்கொண்டு, தேதி முதற்கொண்டு சொல்கிறாரே. கடைசியில் சொன்னது முழுசாகப் புரியவில்லை என்றாலும் சம்சாரமும் கொடுப்பதும் புரிந்தது. போன சம்சாரத்தைக் கடவுள் திருப்பிக் கொடுக்கிறார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் சேச்சியும் அழுதாள். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக மனம் நிறைந்து அழுதார்கள்.

வெளியே வரும்போது ஒருவர் அவனைப் பார்த்து, தமிழ் ஆள் என்று விபூதியைக் கொண்டு யூகித்து, தமிழில் அச்சடித்த துண்டுத்தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில், கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்பி, முதலில் எல்லார் முன்பாகவும் நன்றி சொல்லுங்கள், பிறகு அது வந்து சேரும் என்று போட்டிருந்தது. நல்லசிவம் அதை நான்கு தடவை படித்தான். முதலில் நன்றி, பிறகுதான் சரக்கு. சரி, இந்தக் கோயிலில் அதுதான் முறை போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாட்சி சொல்கிறவர்கள் மேடைக்கு வரலாம் என்றதும் அவன் எழுந்து நடந்தான். சேச்சி திகைத்துப்போனாள். மேடையில் வெள்ளைச் சேலை கட்டிய பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி அவன் தோளைத் தொட்டு நகர்த்தி மைக் முன்னால் நிறுத்தினாள். நல்லசிவம் தொண்டையைச் செருமினான். ஊர்ப்பட்ட ஜனம். கடவுள் சந்நிதியில் நின்றுகொண்டு பெண்டாட்டி என்று சொன்னால் நன்றாக இருக்காது என்று யோசித்து, மரியாதையான சொல்லாகவே எடுத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு சம்சாரம் போயி ரெண்டு மாசம் ஆச்சு. வீடு வீடாவே இல்ல. போன வாரம் சாமி சொன்னாக, வரும்னு. எனக்கு சம்சாரம் கிடைச்சாச்சு. ஆண்டவருக்கு நன்றி."

கூரை பறந்தது. ஊமை பேசிவிட்டான்! இரண்டு மாதம் நாக்கு விழுந்து கிடந்தவன் மணிமணியாகப் பேசுகிறான்! அல்லேலூயா, அல்லேலூயா என்று ஜனம் எழுந்து நின்றது. யாரோ ஒரு ஜெபமாலையை அவன் கழுத்தில் போட்டார்கள். வெள்ளைச் சேலைக்காரி உணர்ச்சிவசப்பட்டு அவன் பக்கத்திலேயே முட்டி போட்டுவிட்டாள். அச்சன் ஒரு கையை அவன் தலையிலும் இன்னொரு கையை அவள் தலையிலும் வைத்து ஆசீர்வதித்தார். தன் பெண்டாட்டிமேல் ஊர் இவ்வளவு பிரியமாக இருக்கிறதே என்று நல்லசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்த ஒவ்வொருத்தியும் ஆசையோடு கேட்டாள்: "சம்சாரம் எங்ஙனெயுண்டு?"

பேச்சு எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். நல்லசிவம் முகமெல்லாம் பல்லாக, "வந்துக்கிட்டு இருக்கு, வந்துக்கிட்டு இருக்கு" என்றான். மெதுவாகத்தான் வரும், அவசரப்படுத்தாதே என்று அவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் சரி. மேடையில் நடந்ததைப் படம் பிடித்தவர்கள், நீளமாக இருக்கிறது என்று முன்பகுதியை வெட்டிவிட்டு, இருபது நொடித் துண்டாக இணையத்தில் போட்டார்கள். ஃபிலோமினா சேச்சி அதை எடுத்து, மலையாளத்தில் நாலு வரி எழுதி, பெருமையோடு மாவு குரூப்பில் போட்டாள். மாரி ஊருக்குப் போனாளே தவிர, அந்த குரூப்பை விட்டு ஒரு நாளும் போகவில்லை. இன்றைக்கு மாவு எத்தனை மணிக்குத் தீர்ந்தது, யார் குறை சொன்னார்கள், எல்லாவற்றையும் அவர்கள் பேசிப் போடுகிற குரல் பதிவுகளில், புளியங்குடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். எழுதியிருந்தது வாசிக்க வரவில்லை. படம் ஓடிற்று. கழுத்தில் மாலையோடு புருஷன் நிற்கிறான். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒருத்தி குனிந்த தலையோடு முட்டி போட்டிருக்கிறாள். பாதிரியார் இருவர் தலையிலும் கை வைக்கிறார். ஜனம் கை தட்டுகிறது. இதற்கெல்லாம் முன்னால், தன்னிடம் இருபது நாள் ஒரு வார்த்தை பேசாத வாய், ஊரைக் கூட்டி மைக் பிடித்துச் சொன்னது: "எனக்கு சம்சாரம் கிடைச்சாச்சு. ஆண்டவருக்கு நன்றி."

மாரி போனைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். அழுது முடித்ததும் பையை எடுத்தாள். எலுமிச்சை மண்டிக்காரர் ஆள் அனுப்பியபோது வீட்டில் கற்பகம் மட்டும்தான் இருந்தாள்.

இங்கே மட்டாஞ்சேரியில் க்ளீட்டஸ் அச்சனுக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை. தலைவலி போவதும் விசா வருவதும் வேறு. ஊமை பேசுவது என்பது அவருக்கு இதுவரை வலையில் விழாத பெரிய மீன். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மேலிடத்தில் கேட்பார்கள்: எந்த டாக்டர் பார்த்தார், என்றைக்குப் பேச்சுப் போயிற்று, காகிதம் எங்கே? செவ்வாய்க்கிழமை காலையில், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண வேட்டி சட்டையில் காலைத் தாங்கித் தாங்கி மாவுக்கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வருஷா வருஷம் வேளாங்கண்ணி போய் வந்ததில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் ஒட்டியிருந்தது.

"மோனே, சம்சாரம் எங்கே வெச்சுப் போச்சு?" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"வைட்டிலாவுல வெச்சு, சாமி."

"பெட்டென்னு போச்சா? திடீர்னு?"

"இல்ல சாமி, தென்காசி பஸ்ஸுல போச்சு. நான்தான் ஏத்திவிட்டேன்."

பேச்சு எப்படி பஸ்ஸில் போகும் என்று கேட்கலாமா வேண்டாமா என்று அச்சன் யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சந்தனமாரி இறங்கினாள். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த கண். ஒரு கையில் பை.

நல்லசிவம் அவளைப் பார்த்தான். வந்துவிட்டாள். சாமி சொன்னபடியே வந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கையில் மாவோடு நின்றான்.

"எங்க அவ?" என்றாள் மாரி.

அவள் நேரே உள்ளே போனாள். கிரைண்டருக்குப் பின்னால் பார்த்தாள், குளியலறையில் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்த ஃபிலோமினா சேச்சி, விவரம் தெரியாமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாரீ, நல்லசிவத்தினு சம்சாரம் கிட்டி" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

மாரி அவள் கையை உதறினாள். நீங்களும் கூட நின்றுதான் கட்டிவைத்தீர்களா, உங்களை என் கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்தேனே என்று பொரிந்து தள்ளினாள். சேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டி, "ரண்டு மாசம் மிண்டாதிருந்ந ஆளல்லே? அச்சன் பிரார்த்திச்சு, சம்சாரிச்சு" என்றாள். இரண்டு மாதம் பேசாமல் இருந்த ஆள், அச்சன் ஜெபித்ததும் பேசிவிட்டாராம்.

மாரி அப்படியே நின்றாள். சேச்சி தொட்டுக் காட்டிய வாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரிய கைக்காரரைப் பார்த்தாள். படத்தில் பார்த்த கை. அவள் தலைக்குள் இரண்டு பாஷையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது. அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, அச்சனிடம் மலையாளத்தில் விளக்கிச் சொன்னாள். எங்கள் தமிழில் சம்சாரம் என்றால் பேச்சு இல்லை அச்சா, பாரியை. இந்த மனுஷனுக்கு நாக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வீம்பு மட்டும்தான் வியாதி.

அச்சனுக்கு முதலில் முகம் வெளுத்தது. மேடை, கூட்டம், அல்லேலூயா, எல்லாம் ஒரு சுற்று வந்து போயிருக்கும். அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். சேச்சியும் புரிந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்லசிவம்தான் விழித்துக்கொண்டு நின்றான். ஊர் தன்னை ஊமை என்று நினைத்ததும், பேசிவிட்டான் என்று கூத்தாடியதும் மெல்ல மெல்ல உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று.

மாரி சிரிக்கவில்லை. அவள் எழுந்து வந்து அவன் எதிரில் நின்றாள்.

"அவங்களுக்குப் புரிஞ்சது கெடக்கட்டும். மேடையில ஏறி நின்னு நீங்க எந்தச் சம்சாரத்தைச் சொன்னீய?"

எல்லாச் சிரிப்பும் நின்றுவிட்டது. நல்லசிவத்துக்கு வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவமானம் ஒரு பக்கம் தொண்டையை அடைத்தது, அவள் பக்கத்தில் நிற்கிற சந்தோஷம் இன்னொரு பக்கம் அடைத்தது. பாழாய்ப்போன அந்தப் பழைய பூட்டு மறுபடியும் விழுந்துவிட்டது. பேசு, பேசு என்று உள்ளே ஒருத்தன் அலறுகிறான். வெளியே நிற்கிறவன் கல்லாக நிற்கிறான்.

மாரி அவன் வாயையே பார்த்தாள். வைட்டிலாவில் பார்த்த அதே பார்வை. மெல்லக் குனிந்து பையை எடுத்தாள். ஆட்டோக்காரர் இன்னும் போகவில்லை.

அச்சன் சட்டென்று எழுந்தார். முழங்கால் வலித்து ஒரு முனகல் வந்தது. இரண்டே எட்டில் வந்து அந்த முறம் போன்ற கையை நல்லசிவத்தின் தலையில் வைத்து அழுத்தினார். ஜெபத்துக்கு வைத்த கையா, ஓங்கி ஒன்று வைக்கலாம் என்று வந்து பாதியில் மனசு மாறின கையா என்று சேச்சிக்கே சந்தேகம்.

"பறயெடா மோனே" என்றார். "சொல்லு."

"ஒன்னத்தான்" என்றான் நல்லசிவம்.

குரல் உடைந்துபோயிருந்தது. அவனே அதைக் கேட்டுத் திடுக்கிட்டான். அப்புறம் மடை திறந்துகொண்டது.

"ஒன்னத்தான் சொன்னேன் மாரி. வேற எவளைச் சொல்லப் போறேன்? வாரா வாரம் திங்கக்கெழம வைட்டிலாவுக்குப் போயி தென்காசி பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னேன். கண்டக்டருக்கே என்னைத் தெரியும். யாரைத் தேடுதீயன்னு கேட்டான், சொல்ல வாய் வரல. நீ சொன்னது நெசந்தான். எனக்கு வாயில்ல. எனக்கும் சேத்து நீ பேசிக்கிட்டு இருந்த, அதை நான் எம்பேச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன். ஒந் தலகாணி ஒறைய இன்னும் தொவைக்கல. தொவைச்சா அதுவும் போயிருமேன்னு பயம். போவாத மாரி. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்லுதேன், போவாத."

மாரியின் கையிலிருந்து பை நழுவியது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சேச்சி மூக்கைச் சிந்தினாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லசிவத்துக்கு நிறுத்தத் தெரியவில்லை; பழக்கம் இருந்தால்தானே? சின்ன கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது என்றான். சேச்சி தினமும் இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுக்கிற மீன்குழம்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, சைகையில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதமாகப் பூனைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றான். சேச்சியின் முகம் மாறியது. கற்பகத்தின் வீட்டுக்காரனைப் பதினெட்டு வருஷமாகவே தனக்குப் பிடிக்காது என்றான். அச்சனைப் பார்த்து, போன வாரம் பாட்டு கொஞ்சம் நீளம் சாமி என்றான்.

மாரி முந்தானையை விலக்கினாள். கண் நனைந்திருந்தது, உதட்டோரம் சிரிப்புத் துடித்தது.

"அச்சா," என்றாள், "மதி. கைய எடுத்துருங்க."

அச்சன் கையை எடுத்தார். நல்லசிவம் அப்புறமும் பேசிக்கொண்டேதான் இருந்தான்.